ஆச்சியின் கைக்கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் விடியுமுன் கேட்ட உலக்கைச் சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் உருகுகிறார்கள். "எங்க ஆச்சி நாலு மணிக்கே எந்திரிச்சுக் கம்பு இடிப்பா. குடும்பத்துக்காகவே தேஞ்சவ." தேய்ந்தது உண்மை. ஏன் தினமும் இடித்தாள், ஒரேயடியாக ஒரு மாதத்துக்கு இடித்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள்தான் குறைவு. காரணம் கம்பிலேயே இருக்கிறது. அரிசி, கோதுமையைவிடக் கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல், நூறு கிராமுக்குச் சுமார் 5 கிராம். முழுத் தானியமாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. இடித்து மாவாக்கியதும் தானியத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயில் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒரு வாரம் போனால் மாவு காறும், பிறகு கசக்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும். அன்றாடக் கம்பை அன்றாடம் இடித்தது அதனால்தான்.

இடிப்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ கம்புக்கு ஒரு சின்ன டம்ளர், அதாவது 100 மில்லி அளவு தண்ணீர் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். தோல் மட்டும் நனைந்து தளர வேண்டும், உள்ளே ஊறக் கூடாது. உரலில் மெதுவாகக் குத்தினால் தோல் உரியும். சொளகில் புடைத்துத் தவிட்டைத் தள்ளிவிட்டு, மறுபடி கொஞ்சம் ஓங்கிக் குத்தினால் குருணையும் மாவுமாக உடையும். சலித்துத் தனித்தனியாக எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் கூடினால் கம்பு நசுங்கி உரலில் அப்பும், குறைந்தால் தோல் உரியாமல் தெறிக்கும். மிக்சியில் செய்கிறவர்கள் விட்டு விட்டு நாலைந்து சுற்று ஓட்டினால் போதும். நிறுத்தாமல் ஓட விட்டால் சூடேறி எல்லாம் மாவாகும், அப்புறம் அது சோறு இல்லை, களி.

பொங்கும்போது ஒரு பங்கு இடித்த கம்புக்கு நாலு பங்கு தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் குருணையை முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகுதான் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் மாவு முந்திக்கொண்டு கெட்டியாகும், நடுவில் குருணை வேகாமல் நறநறக்கும். துடுப்பை எடுக்காமல் கிண்டி, தீயைத் தணித்துப் பத்து நிமிடம் மூடிப் புழுங்கவிட்டு, கையை நனைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஒட்டாவிட்டால் இறக்கலாம். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் மறுநாள் காலைக்கு மோர், சின்ன வெங்காயத்தோடு கரைத்துக் குடிக்கலாம். கோடையில் அந்தத் தண்ணீர் மறுநாள் மத்தியானத்தைத் தாண்டக் கூடாது, புளிப்பு மீறி நுரை கட்டிவிடும்.

இன்றைக்கு மாவாக அரைத்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வழி இருக்கிறது. முழுக் கம்பைத் துணியில் கட்டி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே பரப்பி, மொறுமொறுவென்று காய்ந்த பிறகு மில்லுக்குக் கொடுத்தால் போதும். அந்தச் சூட்டில் நொதி அடங்கிவிடுவதால் மாவு சீக்கிரம் காறாது. இந்த அரை நிமிட வேலை அன்றைக்கே தெரிந்திருந்தால் எத்தனை பெண்களின் எத்தனை விடியற்காலைகள் மிஞ்சியிருக்கும்! அவளைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அதுதான் அந்தப் புகழ்ச்சியில் உள்ள வசதி.

தானியம் கொட்டி வைத்த மண் குலுக்கைகளைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே கட்டினார்கள். மண்ணோடு நறுக்கிய வரகு வைக்கோலைப் போட்டு மிதித்து, சில நாள் புளிக்க விட்டு, அடிப்பாகம் காய்ந்ததும் ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அவசரப்பட்டு இரண்டு சாண் ஏற்றினால் ஈர மண் தன் பாரத்தில் தானே சரியும். வெயிலில் வைத்துக் காயவிட்டால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி வெடிப்பு விழும். நிழலில்தான் காய வேண்டும். கீழே ஒரு துவாரம், அதற்குத் துணி அடைப்பு. மேலே கொட்டி, கீழே எடுப்பதால் முதலில் போட்டது முதலில் வெளியே வரும்.

குலுக்கை போய் பிளாஸ்டிக் டிரம் வந்ததில் ஒரு விஷயம் மாறியது. மண் சுவர் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் வாங்காது. குலுக்கையில் போடும் பதத்திலேயே டிரம்மில் போட்டால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, மேல் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். டிரம்மில் போடும் தானியத்துக்கு இன்னும் ஒரு வெயில் கூடுதலாகக் காட்டி, ராத்திரி முழுக்கச் சூடாற விட்டு, மறுநாள் காலையில் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். சாயங்காலம் சுடச்சுட அள்ளிக் கொட்டுவதுதான் அதிகம் பேர் செய்கிற தப்பு. அன்றாடச் செலவுக்கு ஒரு சின்ன டின்னில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் டிரம்மைத் தினமும் திறக்க வேண்டியதில்லை.

மார்கழி, தையில் உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வந்ததும் ஆச்சி நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பாள். பல்லில் பதிந்தால் ஈரம். "டக்"கென்று இரண்டாக உடைந்தால் பதம். களத்து வெயிலில் தரைப்பக்கத்து மணி ஒரு மாதிரியும் மேல் மணி ஒரு மாதிரியும் காயும் என்பதால் நாலு இடத்தில் எடுத்துக் கடிப்பாள். ஒரே இடத்தில் எடுத்து, ஒரு மணி கடித்துப் பார்த்துவிட்டுக் கட்டிய மூட்டைதான் பிற்பாடு வண்டு பறக்கும் மூட்டை.

பயறு வண்டு வீட்டில் வந்து சேர்வதில்லை, காட்டிலிருந்தே கூட வருகிறது. செடியில் நிற்கும் நெற்றிலேயே முட்டை வைத்துவிடும். மணியின் மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் அது அழுக்கு இல்லை, முட்டை. சூடான பருவத்தில் முட்டையிலிருந்து வண்டு வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம். "அமாவாசைக்கு அமாவாசை பயறை வெயில்ல போடணும்" என்ற பழக்கத்தில் நிலவுக்கு என்ன வேலை என்று வாதாடுவதைவிட, மாதத்துக்கு ஒரு முறை என்பதை மறக்காமல் இருக்க அதைவிட நல்ல நாள்காட்டி எழுதப்படிக்கத் தெரியாதவளுக்கு ஏது என்று பார்க்கலாம். ஒரு தலைமுறை வண்டு வளர்ந்து முடிப்பதற்குள் வெயில் வந்து நிற்கிறது.

அடுத்த வேலை எண்ணெய். ஒரு கிலோ பயறுக்கு ஒரு தேக்கரண்டி, சுமார் 5 மில்லி. விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ, உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு எல்லா மணியிலும் படும்படி பிசற வேண்டும். முட்டை மூச்சு முட்டிச் சாகும். விதைக்கு வைப்பதற்கும் இதையே செய்யலாம். எண்ணெய் பிடிக்காதவர்கள் சலித்த வரட்டிச் சாம்பலில் புரட்டி, மேலே இரண்டு விரல்கட்டை உயரத்துக்குச் சாம்பலோ மணலோ பரப்பி மூடுவார்கள். கடையில் வாங்கும் பூச்சி மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து வரும் வாயு வண்டைக் கொல்வது போலவே பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் கொல்லும்.

விதைக்கு எடுப்பது எப்போதும் தனிக் கணக்கு. மானாவாரியில் ஏக்கருக்குக் கம்பு 2 கிலோ, உளுந்து 8 கிலோ போதும். இரண்டு ஏக்கர் கம்புக்கு வேண்டிய விதை ஒரு பெரிய சுரைக்குடுக்கையில் அடங்கிவிடும் என்பதால்தான் குடுக்கை அடுப்புக்கு மேலே தொங்கியது. புரட்டாசி மழைக்குப் பத்து நாள் முன்னால் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்க்க வேண்டும். எழுபத்தைந்துக்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கலாம். அறுபதுதான் என்றால் விதையைக் கூட்டிப் போட வேண்டும். அதற்கும் கீழே என்றால் தின்றுவிட்டு வேறு வாங்குவதுதான் புத்தி.

இவ்வளவு கணக்கும் வைத்திருந்தவள் தன் சாப்பாட்டுக்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை. மாமனார், புருஷன், பிள்ளைகள், வேலைக்கு வந்தவர்கள் என்று எண்ணி உலை வைத்துவிட்டு, மிஞ்சியதில் தனக்கு என்று இருந்துவிடுவாள். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், கீரையில் தண்டு மிஞ்சியிருக்கும். பல கிராமத்து வீடுகளில் இரத்தசோகை இப்படித் தொடங்குகிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் வெளிறிய நிறம், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, பச்சரிசியோ மண்ணோ சாம்பலோ தின்னச் சொல்லும் ஆசை: இந்த மூன்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்துவிட வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கும், கர்ப்பிணிக்கு 11-க்கும் குறையக் கூடாது. வயதான பிறகு சோகை வந்தால் சாப்பாட்டுக் குறை என்று மட்டும் நினைத்துவிடாமல், எங்காவது இரத்தம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் முருங்கைக்கீரையையும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையில் ஒரு எலுமிச்சை மூடி பிழிந்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க ஆச்சி" என்று சொன்னால் நடக்காது. "எனக்குப் பசிக்கல தாயி, நீ தின்னு" என்பதுதான் பதில், அறுபது வருஷப் பழக்கம் அது. சொல்லாமல் செய்ய வேண்டியது ஒன்று: சோறு இறக்கியதும் முதல் அகப்பையையும் குழம்பில் முதல் நாலு காயையும் அவள் கும்பாவில் எடுத்து மூடி வைத்துவிடுவது. பிறகு அவள் கடைசியாகவே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. எடுத்து வைத்ததை மற்றவருக்குப் போட அவளுக்கே மனம் வராது, ஏனென்றால் சோற்றை வீணாக்குவதும் திருப்புவதும் அவளுக்குப் பிடிக்காத காரியங்கள்.

பேசாமல் மறைக்கிற நோய் ஒன்று உண்டு. "அடி இறங்கிருச்சு" என்று பக்கத்து வீட்டு மதினியிடம் மட்டும் சொல்வாள், மகனிடம் சொல்ல மாட்டாள். கர்ப்பப்பை இறக்கம். பல பிரசவம், பிள்ளை பெற்ற சில நாளிலேயே தண்ணீர்க் குடமும் விறகுக்கட்டும் தூக்கியது, நாள்பட்ட இருமல், முக்கி மலம் கழிப்பது எல்லாம் சேர்ந்து இடுப்புத் தசையைத் தளர்த்திவிடுகின்றன. 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோ, குடத்தின் எடை தனி. ஒரு நாளைக்கு அப்படி ஏழெட்டு நடை. அடையாளம்: சாயங்காலம் ஆக ஆக அடிவயிறும் இடுப்பும் இழுப்பது, உட்கார்ந்தால் ஏதோ தட்டுப்படுவது, சிரித்தால் இருமினால் சிறுநீர் கசிவது. இதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று பயந்தே பலர் மறைக்கிறார்கள். ஆரம்பத்தில் தசைப் பயிற்சி போதும், அதற்கு மேல் போனால் உள்ளே வைக்கும் வளையம் உண்டு, அதுவும் பயன்படாதபோதுதான் அறுவை. மகன் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். மருமகளோ பேத்தியோ தனியாக இருக்கும்போது, "சிரமமா இருக்கா ஆச்சி, கீழே ஏதும் தட்டுப்படுதா" என்று நேராகவே கேட்க வேண்டும்.

பகலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்தது. பருத்திக்காட்டில் ஒதுங்க மறைவு இல்லை என்று காலையிலிருந்து தாகத்தை அடக்கிப் பழகியவள் வீட்டில் கக்கூஸ் கட்டிய பிறகும் அப்படியே இருப்பாள். நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். கோடையில் மயங்கி விழுவதும் அதனால்தான். "தண்ணி குடிங்க" என்பதைவிட ஒரு செம்பை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டு நிற்பது பலன் தரும். முழங்கால் தேய்ந்தவளுக்குக் குத்துக்கால் கக்கூஸ் தண்டனை. மேலே வைக்கும் நாற்காலி ஒன்றும், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு இரும்புக் கம்பியும் போதும். விறகடுப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் குளிக்க வெந்நீர் போட வாசலில் வைத்துக்கொள்ளட்டும். மூடிய அடுப்படியில் வேலிக்கருவை விறகுப் புகையில் நாற்பது வருஷம் இருந்த நெஞ்சு பீடி குடித்த நெஞ்சைப் போலத்தான் இரைக்கும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க அலைய முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். பெயர் பதிந்திருக்கிறதா என்று ஊரில் வரும் ஊழியரிடம் கேட்டால் தெரியும்.

பேரப்பிள்ளை பிறந்தால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் கையை அப்படியே நம்ப வேண்டிய இடமும் உண்டு, தடுக்க வேண்டிய இடமும் உண்டு. குளிப்பாட்டும் கையை நம்பலாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்காலுக்கு நடுப்பள்ளத்தில் பிள்ளையைக் கிடத்தி, முழங்கை மடிப்பில் வெந்நீரைச் சொட்டவிட்டுச் சூடு பார்த்து, முகத்தில் நேராக ஊற்றாமல் நெற்றியில் கையை அணைபோல வைத்துப் பின்பக்கமாக ஓட விடுவாள். எந்த டப்பும் அந்தப் பிடிமானத்தைத் தராது. மேலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் நல்லது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அங்கே தங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், தெருவில் வரும் கழுதைப்பால், வசம்பும் ஜாதிக்காயும் உரைத்த மருந்து எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம், தாய்ப்பால் மட்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீச்சிக் கொட்டச் சொன்னால் கேட்கக் கூடாது. அதுதான் பிள்ளைக்கு முதல் காப்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, கருப்பட்டி, பால்சுறாப் புட்டு என்று ஆச்சி போடும் பத்தியம் நல்ல பத்தியம். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்" என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கிற போதெல்லாம் தண்ணீர் வேண்டும்.

சண்டை போடாமல் இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. "டாக்டர் வேண்டாம்னாரு" என்று சொன்னால் முகம் சுருங்கும். தடுப்பூசிக்குப் போகும்போது ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போய், கிராம செவிலியரை அவளிடமே சொல்ல வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஆச்சியே சொல்லிக்கொடுப்பாள்.

தாத்தா காலமான பிறகு வருவது காகித வேலை. இதில் தள்ளிப்போட்டால்தான் ஏமாற்றம். காடு தாத்தா பெயரிலேயே இருந்திருக்கும், ஆச்சிக்கு அந்தக் காட்டின் ஒவ்வொரு வரப்பும் தெரியும், பட்டாவில் அவள் பெயர் இருக்காது. உயில் இல்லாமல் இறந்த இந்துக் குடும்பத்தில் மனைவிக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இறப்புச் சான்று, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல் என்பது வரிசை. வாரிசுச் சான்றில் அவள் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். ஒன்றில் அழைக்கிற பெயரும் மற்றதில் வைத்த பெயரும் இருந்து ஒரு வருஷம் அலைந்தவர்கள் நிறைய. வங்கியில் நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் என்று ஆகாது. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழ்நாட்டில் மாத உதவி உண்டு, 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. யாரும் இல்லாதவர்களுக்குத்தான் என்று நினைத்து, தகுதி இருந்தும் கேட்காதவர்கள் உண்டு, தாலுகா அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மகன் பெயருக்குக் காட்டையோ வீட்டையோ தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் நாள்தான் ஆச்சியின் வாழ்க்கையிலேயே ஆபத்தான நாள். "பெத்த பிள்ளைகிட்ட எதுக்குத் தாயி எழுத்து" என்பாள். பத்திரத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும்: உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பது ஒன்று, சாப்பாடும் வைத்தியமும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டே வாங்கிக்கொள்கிறார் என்பது இன்னொன்று. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அந்த வரி இல்லாமல் "அன்பினால்" என்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது பெரும்பாடு. பத்திர எழுத்தர் தானாகச் சேர்க்க மாட்டார், கேட்க வேண்டும். எழுதியதை ரேகை வைக்குமுன் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும்.

இவ்வளவையும் அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். எவ்வளவு உப்பு என்றால் "கையளவு", எவ்வளவு நேரம் என்றால் "வாசம் வர்ற வரைக்கும்" என்பாள். மறைக்கிறாள் என்று அர்த்தமில்லை, அவள் கணக்கு கையில் இருக்கிறது, வாயில் இல்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் தராசை வாங்கி அதன்மேல் கிண்ணத்தை வைத்து, "இதுல போடுங்க ஆச்சி" என்று சொல்லுங்கள். அவள் பிடி எத்தனை கிராம் என்று தராசு சொல்லிவிடும். மூன்று தடவை போடச் சொல்லி நிறுத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பிடியையும் நிறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையும் ஒரே அளவு இல்லை. பக்குவங்களை அதனதன் மாதத்தில்தான் கேட்க வேண்டும். ஆடியில் உட்கார்ந்துகொண்டு உளுந்து காயப்போடும் பதம் கேட்டால் அவளுக்குச் சொல்ல வராது. தையில் களத்தில் நிற்கும்போது, கேட்காமலே நாலு மணியை உங்கள் கையில் வைத்து, "கடிச்சுப் பாரு" என்பாள்.